கட்டாயப்படுத்த மறுத்தவர்: வாக்குச்சீட்டின் வழியே அம்பேத்கர்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் சாலையில், குடகனாற்றங்கரையில் இருக்கிறது தாடிக்கொம்பு. சவுந்தரராஜப் பெருமாள் கோயிலின் சிற்பத் தூண்களுக்காக வெளியூரார் அறிந்த பேரூராட்சி அது. அதற்கு வடக்கே வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் வரிசையாக நிற்கின்றன. ஆலைகள் இவ்வளவு அருகில் இருந்தும், இந்தச் சமவெளியின் சேரிகளிலிருந்து திருப்பூருக்கும் கோவைக்கும் வேலை தேடிப் போகிறவர்கள் குறையவில்லை. தேர்தல் தேதி அறிவிக்கப்பட்டதும் வாக்களிப்பது குடிமக்களின் கடமை என்று சொல்லும் பதாகைகள் இங்கேயும் கட்டப்படுகின்றன. வாக்குப்பதிவு முடிந்த மறுநாள், வராதவர்கள் யார் என்ற பேச்சு தேநீர்க் கடைகளில் தொடங்கிவிடுகிறது. வராதவனுக்கு அபராதம் போட வேண்டும், ரேஷனை நிறுத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். படித்த இளைஞர்களே அதற்கு ஆமோதித்துத் தலையசைப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அபராதம் விதித்தால் முதலில் யார் கட்ட நேரும் என்ற கேள்வியை அங்கே யாரும் எழுப்புவதில்லை. திருப்பூரில் வாடகை அறையில் இருந்துகொண்டு, ஒரு நாள் கூலியையும் இரு வழிப் பேருந்துக் கட்டணத்தையும் கணக்குப் பார்த்து ஊருக்கு வராமல் நின்றுவிட்டவர், பெரும்பாலும் அந்தத் தேநீர்க் கடைக்குப் பின்னால் இருக்கும் தெருவைச் சேர்ந்தவராகவே இருப்பார்.

இந்த விவாதம் புதியதன்று. இந்தியக் குடியரசின் முதல் பொதுத் தேர்தல் நடப்பதற்கு முன்பே, 1951இல், மக்கள் பிரதிநிதித்துவச் சட்ட வரைவு நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, வாக்களிப்பதைக் கட்டாயமாக்கலாம் என்ற யோசனை வந்தது. அதை ஏற்க மறுத்தவர்களில் ஒருவர் அன்றைய சட்ட அமைச்சர் பாபாசாகேப் அம்பேத்கர். அவர் காட்டிய காரணம் நடைமுறைச் சிக்கல் என்பதே. அதற்கு மேல் ஒரு பெரிய தத்துவத்தை அவர் வாயில் நாம் ஏற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் வாக்குரிமைக்காக முப்பதாண்டுகளுக்கு மேல் போராடிய ஒருவர், அதே வாக்குரிமையை மக்கள் மீது கட்டளையாகச் சுமத்தும் வாய்ப்பு கைக்கு வந்தபோது ஏன் அதை விட்டுவிட்டார் என்பதைப் புரிந்துகொள்ள, அவரது வாழ்க்கையை வாக்குச்சீட்டின் வழியே ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது.

1891 ஏப்ரல் 14 அன்று மாவ் இராணுவக் குடியிருப்பில் பிறந்ததும், பள்ளியில் தனியே சாக்கில் அமர்த்தப்பட்டதும், கொலம்பியாவில் படித்துத் திரும்பிப் பரோடாவில் தங்க இடமின்றி விரட்டப்பட்டதும் இதைப் படிக்கும் மாணவர்களுக்குப் பாடமாகவே தெரிந்தவை. அவற்றைக் கடந்து 1919 ஜனவரிக்கு வருவோம். வாக்குரிமையை யாருக்குக் கொடுக்கலாம் என்று ஆராய்வதற்காக சவுத்பரோ பிரபு தலைமையில் ஒரு குழு இந்தியாவுக்கு வந்திருந்தது. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகச் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த இருபத்தேழு வயது இளைஞர் அதன் முன் சாட்சியம் அளித்தார். அன்று நிலவரி, வீட்டு வரி, வருமான வரி போன்றவற்றில் குறிப்பிட்ட அளவு கட்டுகிறவருக்கே வாக்கு என்பது பொது ஏற்பாடு. சொத்தே இல்லாமல் வைக்கப்பட்ட மக்களிடம் சொத்துத் தகுதி கேட்பது எப்படிப்பட்ட நியாயம் என்பது அவர் கேட்ட கேள்வியின் சாரம். தீண்டப்படாதோருக்கு இந்தத் தகுதியைத் தாழ்த்த வேண்டும், அவர்கள் தம் பிரதிநிதிகளைத் தாமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வாதிட்டார். வாக்களிக்கும் உரிமையையும் பிரதிநிதியாகும் உரிமையையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. அரசியலில் பங்கேற்பதே ஒரு கல்வி என்பதும் அந்தச் சாட்சியத்திலேயே இருக்கிறது.

குழு அதை ஏற்கவில்லை. ஒடுக்கப்பட்டோருக்குச் சட்டமன்றங்களில் சில நியமன இடங்களை மட்டும் அரசு ஒதுக்கியது. சென்னையில் எம்.சி. ராஜாவும் பின்னர் இரட்டைமலை சீனிவாசனும் அந்த வழியாகத்தான் சட்டமன்றத்துக்குள் சென்றார்கள். அம்பேத்கரும் 1927இல் பம்பாய் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராகவே அமர்ந்தார். மக்கள் வாக்களித்து அனுப்பியவர்களாக அல்லாமல் ஆளுநர் விரும்பி அழைத்தவர்களாக நம் முன்னோடிகள் அங்கே நின்றார்கள். மகத் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளியதும் அதே 1927இல்தான். குளத்து நீருக்கும் வாக்குச்சீட்டுக்கும் இடையே அவர் பெரிய வேறுபாடு கண்டதாகத் தெரியவில்லை. இரண்டும் பொதுச் சொத்து, இரண்டிலிருந்தும் அவர் மக்கள் தள்ளி வைக்கப்பட்டிருந்தார்கள்.

சைமன் குழுவிடம் 1928இல் அவர் கேட்டது நேரடியானது: வயதுவந்த அனைவருக்கும் வாக்கு. எழுத்தறிவில்லாதவன் எப்படி வாக்களிப்பான் என்று அன்றைய கனவான்கள் கேட்டார்கள். படிப்பும் அறிவும் ஒன்றல்ல, தனக்கு எது நன்மை என்று அறியப் பள்ளிச் சான்றிதழ் தேவையில்லை என்பது அவரது பதிலின் போக்கு. படிக்க விடாமல் தடுத்தவர்களே படிக்காததைக் காரணம் காட்டுவதை அவர் திரும்பத் திரும்பச் சுட்டினார். 1929 மே மாதம் பம்பாய் மாகாணக் குழுவின் பெரும்பான்மையிலிருந்து விலகித் தனியறிக்கை எழுதியபோதும் இதே கோரிக்கை அதில் இடம்பெற்றது. அன்று இந்தக் கோரிக்கையைத் தீவிரமானது என்று ஒதுக்கிய கட்சிகளின் வாரிசுகள், இன்று வாக்களிக்காத ஏழையின் பொறுப்பின்மையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

1930 நவம்பரில் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதிகளாகச் சென்றனர். செங்கல்பட்டு மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்து, 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கி, தென்னாப்பிரிக்கா வரை சென்று உழைத்துத் திரும்பிய சீனிவாசன் அப்போது எழுபது வயதை எட்டியிருந்தார். அம்பேத்கருக்கு வயது நாற்பதைத் தொடவில்லை. இருவரும் சேர்ந்து அளித்த கோரிக்கை மனுக்களில் சம குடியுரிமையும், வயதுவந்தோர் வாக்குரிமையும், தனித் தேர்தல் தொகுதியும் இருந்தன. தமிழகத்தில் அம்பேத்கரைப் பற்றிப் பேசும் மேடைகளில் சீனிவாசனின் பெயர் அடிக்கடி விடுபட்டுப் போகிறது. வாக்குரிமையின் வரலாற்றைச் சொல்லும்போதாவது அந்தப் பிழையை நாம் செய்யக் கூடாது.

மாநாட்டுக்குப் பின் 1932இல் வாக்குரிமைக்கான லோதியன் குழுவில் அம்பேத்கர் உறுப்பினரானார். மாகாணம் மாகாணமாகச் சென்று விசாரித்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. தீண்டப்படாதோரின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் இடங்கள் கிடைக்கும் என்றதும், வட இந்தியாவின் சில மாகாணங்களில் சாதி இந்துக்கள் தங்கள் பகுதியில் தீண்டாமையே இல்லை, தீண்டப்படாதோர் என்று எவரும் இல்லை என்று சாட்சியம் சொல்லத் தொடங்கினார்கள். கிணற்றடியில் தீட்டாக இருந்தவன் கணக்கெடுப்பில் மறைந்து போனான். இதை அம்பேத்கர் பிற்காலத்தில் விரிவாகவே எழுதியிருக்கிறார். வாக்காளர் பட்டியலில் ஒரு பெயர் இடம்பெறுகிறதா என்பது எழுத்தர் செய்யும் வேலை மட்டுமல்ல, அது அதிகாரம் குறித்த சச்சரவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அதே 1932 ஆகஸ்டில் வகுப்புவாரித் தீர்வு வெளியானது. ஒடுக்கப்பட்டோர் தம் பிரதிநிதியைத் தாமே தேர்ந்தெடுக்க ஒரு வாக்கு, பொதுத் தொகுதியில் மற்றவர்களோடு சேர்ந்து இன்னொரு வாக்கு என்ற இரட்டை வாக்குரிமை அதில் இருந்தது. இரண்டாவது வாக்கின் மதிப்பை நாம் இன்றும் முழுமையாக உணரவில்லை. பொதுத் தொகுதியில் நிற்கும் ஆதிக்கச் சாதி வேட்பாளரும் சேரிக்கு வந்து வாக்குக் கேட்டாக வேண்டும். அதே நேரத்தில் சேரியின் பிரதிநிதி ஊருக்குக் கடன்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. காந்தியின் உண்ணாநோன்பு செப்டம்பர் 20 அன்று எரவாடா சிறையில் தொடங்கியது. ஐந்தாம் நாள், செப்டம்பர் 24 அன்று, பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. மாகாணச் சட்டமன்றங்களில் 148 தனி இடங்கள், அவற்றில் சென்னை மாகாணத்துக்கு 30. இடங்கள் கூடின. இரட்டை வாக்கு போனது. தனித் தொகுதியில் யார் வெல்ல வேண்டும் என்பதை முடிவு செய்யும் பெரும்பான்மை, அத்தொகுதி யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களிடம் இல்லை என்ற நிலை அன்று உருவானது. நம் திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டை போன்ற தனித் தொகுதிகளில் தேர்தல் பணி செய்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

1935ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏறத்தாழ 3 கோடிப் பேருக்கே வாக்கு கிடைத்தது. அந்தக் குறுகிய வாசலுக்குள்ளும் அம்பேத்கர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி 1937 தேர்தலில் பம்பாயில் 17 இடங்களில் நின்று 14இல் வென்றது. ஆனால் 1946இல் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு நாடு முழுவதும் துடைத்தெறியப்பட்டது. இந்தத் தோல்வி கவனத்துக்குரியது. பூனா ஒப்பந்தத்தின்படி முதலில் ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் பங்கேற்கும் முதனிலைத் தேர்தல், பிறகு எல்லோரும் வாக்களிக்கும் இறுதித் தேர்தல். முதனிலைத் தேர்தல் நடந்த தொகுதிகளின் முடிவுகளை அடுக்கிக் காட்டி, தம் மக்கள் தம் பக்கமே நின்றார்கள், இறுதித் தேர்தலில் மற்றவர்களின் வாக்கு அவர்களைத் தோற்கடித்தது என்று அம்பேத்கர் பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழுவிடம் வாதிட்டார். ஒடுக்கப்பட்டவர்கள் வாக்களித்தும் அந்த வாக்கு பயனற்றுப் போகும்படி ஒரு தேர்தல் முறையை அமைக்க முடியும் என்பது இதன் பொருள். வாக்களிப்புச் சதவீதத்தை உயர்த்தும் எந்தச் சட்டமும் இந்தக் கோளாறைத் தொடுவதில்லை.

சொந்த மாகாணத்தில் கதவு அடைபட்டதால், ஜோகேந்திரநாத் மண்டல் முதலானோரின் ஆதரவுடன் வங்காளத்திலிருந்து அரசமைப்பு அவைக்குச் சென்றார். அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழுவில், வாக்களிக்கும் உரிமையை அடிப்படை உரிமையாகவே எழுத வேண்டும் என்ற நிலைப்பாட்டை எடுத்தார். அது அப்படி எழுதப்படவில்லை. வேறு இடத்தில், 326ஆவது உறுப்பாக, வயதுவந்தோர் வாக்குரிமை என்ற பெயரில் இடம்பெற்றது. 1949 நவம்பர் 25 அன்று அவர் ஆற்றிய உரை நம் மேடைகளில் பலமுறை ஒலித்தது. அரசியலில் ஒருவருக்கு ஒரு வாக்கு, ஒரு மதிப்பு. சமூகத்திலும் பொருளியலிலும் அந்த மதிப்பு மறுக்கப்படும். இந்த முரணை விரைவில் நீக்காவிட்டால் கட்டிய மாளிகையே சரியும் என்ற எச்சரிக்கை அது. எச்சரிக்கை யாரை நோக்கியது என்பதை மறந்துவிடுகிறோம். ஏற்றத்தாழ்வைக் காத்துக்கொண்டிருந்தவர்களை நோக்கியது அது. வாக்குச்சாவடிக்கு வராமல் போகிற ஏழை அன்று அவர் மனத்தில் குற்றவாளியாக இல்லை.

இப்போது 1951ஆம் ஆண்டு விவாதத்துக்குத் திரும்பலாம். ஏறத்தாழ 17 கோடியே 30 இலட்சம் வாக்காளர்கள், பெரும்பாலோர் எழுத்தறியாதவர்கள். பட்டியல் தயாரிப்பே ஒரு போராக இருந்தது. வட இந்தியாவின் பல பகுதிகளில் பெண்கள் தம் பெயரைச் சொல்ல மறுத்து இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவானார்கள். பெயர் தெரியாததால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். பெயரே ஏறாத நாட்டில், வராதவருக்குத் தண்டனை என்று சட்டம் எழுதினால் அதை யார் மீது செயல்படுத்துவது? நடைமுறைச் சிக்கல் என்ற சொல்லை இன்று கேட்கும்போது ஏதோ அலுவலகச் சாக்குப்போல ஒலிக்கிறது. நடைமுறை என்பதே ஏழைகளின் வாழ்க்கைதான் என்று எடுத்துக்கொண்டால் அச்சொல்லின் எடை கூடிவிடும். இது நம் வாசிப்பு.

கட்டாய வாக்களிப்பை ஆதரிப்போர் ஆஸ்திரேலியாவை எடுத்துக்காட்டுவது வழக்கம். 1922இல் அங்கே அறுபது விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே வாக்களித்தார்கள். 1924இல் சட்டம் வந்தது. 1925இல் வாக்குப்பதிவு தொண்ணூறைத் தாண்டியது. உண்மைதான். ஆனால் அந்தச் சட்டம் வந்தபோது அந்நாட்டின் பூர்வகுடிகளில் பெரும்பாலோருக்குக் கூட்டாட்சித் தேர்தலில் வாக்கே கிடையாது. 1962இல்தான் எல்லோருக்கும் கிடைத்தது. கட்டாயம் என்பது அவர்களுக்கும் பொருந்தியது 1984இல். தொண்ணூறு விழுக்காடு என்ற பெருமைக்குரிய எண், யாரை எண்ணவில்லை என்பதைச் சொல்லாமலே அறுபதாண்டுகள் நின்றது.

இந்தியாவில் இதை முயன்று பார்த்தது குஜராத். உள்ளாட்சித் தேர்தலில் வாக்களிப்பதைக் கட்டாயமாக்கும் மசோதா 2009இல் நிறைவேறியது, ஆளுநர் ஒப்புதலின்றி ஆண்டுக்கணக்கில் நின்றது, 2014இல் ஒப்புதல் பெற்றது. 2015இல் வராதவர்களுக்கு 100 ரூபாய் அபராதம் என்று விதி வந்தது. அதே ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்த ஆண்டு மார்ச்சில் சட்ட ஆணையம் தனது 255ஆவது அறிக்கையில் கட்டாய வாக்களிப்பு வேண்டாம் என்று பரிந்துரைத்திருந்தது. நூறு ரூபாய் ஒரு தொகையா என்று நகரத்தில் கேட்பார்கள். தொகையைவிட, அதை விலக்கிக்கொள்ளக் காரணம் காட்டி அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதில் போகும் கூலிதான் பெரியது. மருத்துவச் சான்று வாங்கத் தெரிந்தவர் தப்பிப்பார்; தெரியாதவர் கட்டுவார்.

நம் மாணவ நண்பர்கள் சிலர் எழுப்பும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் ஒதுக்க முடியாது. சேரி மக்கள் வாக்களிக்கக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் மிரட்டும் ஊர்களில், சட்டமே கட்டாயப்படுத்தினால் அந்த மிரட்டல் செல்லாது போகாதா என்று கேட்கிறார்கள். போகாது என்றே நினைக்கிறோம். திண்டுக்கல்லுக்குத் தெற்கே உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகள் 1996இல் பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டன. 2006 அக்டோபர் வரை அங்கே முறையான தேர்தல் நடக்கவில்லை. வேட்புமனுவே தாக்கல் செய்ய விடவில்லை. அல்லது பொம்மை வேட்பாளர் ஒருவரை நிறுத்தி, வென்ற கையோடு பதவி விலகச் செய்தார்கள். கட்டாய வாக்களிப்புச் சட்டம் அன்று இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? எல்லோரும் ஒழுங்காக வரிசையில் நின்று அந்தப் பொம்மைக்கு வாக்களித்திருப்பார்கள். வாக்குப்பதிவு நூறு விழுக்காடு என்று அறிக்கையும் போயிருக்கும். மேலவளவில் போட்டியிட்டு வென்ற ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் ஜனநாயகக் கடமையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. பட்டியலினத்தவரை வாக்களிக்காதே என்றோ இன்னாருக்கு வாக்களி என்றோ மிரட்டுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி ஏற்கெனவே குற்றம். மிரட்டியவரைத் தண்டிக்கும் சட்டம் கையில் இருக்கும்போது, மிரட்டப்பட்டவரைத் தண்டிக்கும் இன்னொரு சட்டத்தை நாம் ஏன் கேட்க வேண்டும்?

வாக்களிப்பில் யார் அலட்சியம் காட்டுகிறார்கள் என்பதையும் எண்கள் ஓரளவு சொல்கின்றன. 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் சராசரி 70 விழுக்காட்டை நெருங்கியது. தருமபுரி 81ஐத் தாண்டியது. திண்டுக்கல் ஏறத்தாழ 71. மத்திய சென்னை சுமார் 54. கடமை பற்றிய விளம்பரங்கள் மிகுந்த மாநகரம் கடைசியில் நிற்கிறது. பெயர்ப் பட்டியலில் இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் நீக்கப்படாமல் இருப்பது நகரங்களில் ஒரு காரணம் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் அபராதப் பேச்சு எழும்போது எல்லோர் பார்வையும் குடிசையை நோக்கித் திரும்புவதற்கு அந்த எண்களில் ஆதாரம் இல்லை.

தாடிக்கொம்பிலிருந்து வெளியூர் போனவருக்கு வாக்குப்பதிவு நாளில் ஊதியத்துடன் விடுமுறை தர வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்கிறது. தினக்கூலிகளுக்கும் அது உண்டு. துண்டுக் கணக்கில் தைக்கிறவருக்கு அந்த ஊதியம் எத்தனை இடங்களில் கைக்கு வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஊரிலிருந்தே வாக்களிக்க ஓர் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் அரசியல் கட்சிகளுக்குக் காட்டியது. கட்சிகள் ஐயம் எழுப்பின. அதன் பின் அந்த இயந்திரம் நடைமுறைக்கு வரவில்லை. ஐயங்கள் நியாயமானவையாகவே இருக்கலாம். புலம்பெயர்ந்த தொழிலாளியின் வாக்கு மட்டும் இன்னும் பேருந்துக் கட்டணத்தில் தொங்குகிறது.

அம்பேத்கரின் கதைக்கு வருவோம். இந்துச் சட்ட மசோதா கைவிடப்பட்டதை எதிர்த்து 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். 1952 ஜனவரியில் வட பம்பாய்த் தொகுதியில் கூட்டமைப்பின் யானைச் சின்னத்தில் நின்றார். அது இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். ஒரே வேட்பாளருக்கு இரண்டையும் போட்டால் ஒன்று செல்லாது. சோசலிஸ்டுக் கட்சியின் அசோக் மேத்தாவும் அவரும் கூட்டு. அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவர், அச்சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலில் காங்கிரசின் நாராயண் கஜ்ரோல்கரிடம் சுமார் 14 ஆயிரம் வாக்குகளில் தோற்றார். அந்தத் தொகுதியில் 74 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குச்சீட்டுகள் எண்ணப்படாமல் தள்ளப்பட்டன. வாக்கை வேண்டுமென்றே வீணாக்கும்படி பொதுவுடைமைக் கட்சியினர் பரப்புரை செய்தார்கள் என்று குற்றம் சாட்டி அவரும் மேத்தாவும் தேர்தல் மனு தொடுத்தார்கள். மனு தள்ளுபடியானது. அவர் மாநிலங்களவை உறுப்பினராக நாடாளுமன்றம் திரும்பினார்.

வீணாக்கப்பட்ட வாக்கால் தாம் தோற்றதாக நம்பிய மனிதர் அவர். இரண்டாண்டுகள் கழித்து, 1954 மே மாதம், பண்டாரா இடைத்தேர்தலில் மீண்டும் நின்றார். அதுவும் இரட்டை உறுப்பினர் தொகுதி. உடல் நலம் குன்றியிருந்தது. முழங்கால் வலியால் நடப்பதே சிரமம். அப்போது தொண்டர்கள் சிலர் ஒரு கணக்கோடு வந்தார்கள். நம் மக்கள் ஒரு வாக்கை மட்டும் பாபாசாகேப்புக்குப் போடட்டும், இரண்டாவதை யாருக்கும் போடாமல் விட்டுவிடட்டும், அப்போது போட்டி நமக்குச் சாதகமாகும் என்பது அந்தக் கணக்கு. தேர்தல் கணக்கில் அது தவறன்று. இன்றைய எந்தக் கட்சியும் அதைத் தந்திரம் என்றே பாராட்டும். அம்பேத்கர் மறுத்துவிட்டார் என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரசமைப்பை எழுதிய தாம், வாக்கை அழுகவிடுங்கள் என்று மக்களிடம் சொல்ல முடியாது. தோற்றாலும் சரி, இரண்டு வாக்குகளையும் செலுத்துங்கள் என்பது அவர் முடிவு. மக்கள் இரண்டையும் செலுத்தினார்கள். அசோக் மேத்தா பொது இடத்தில் வென்றார். அம்பேத்கர் எட்டாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றார்.

1951இன் மறுப்பையும் 1954இன் மறுப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அவர் முழுமையாகத் தெரிகிறார். வாக்களிக்காமல் இருப்பதை அவர் ஒருபோதும் சிறிய விஷயமாகக் கருதவில்லை. தம் வெற்றியையே அதற்காக இழந்தார். ஆனால் அரசாங்கம் கோலை எடுத்துக்கொண்டு மக்களைச் சாவடிக்கு ஓட்டிச் செல்வதை ஏற்கவில்லை. தம்முடைய மக்களிடம் அவர் கேட்டுக்கொண்டார், விளக்கினார், ஊர் ஊராகச் சென்று பேசினார். அரசிடம் கேட்டது வேறு: பட்டியலில் பெயர், அச்சமற்ற பாதை, தனக்கென ஒரு பிரதிநிதி. இந்தப் பிரிவினையைத்தான் தேநீர்க் கடை விவாதம் தலைகீழாக்கிவிடுகிறது. அரசிடம் கேட்க வேண்டியதை மக்களிடம் கேட்கிறோம்.

பண்டாராவுக்குப் பிறகு அவர் எந்த நேரடித் தேர்தலிலும் நிற்கவில்லை. 1955 ஆகஸ்டில் கூட்டமைப்பு, சட்டமன்றங்களிலும் நாடாளுமன்றத்திலும் தனி இடங்களே வேண்டாம் என்று தீர்மானித்தது. 1932இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் பலனை இருபது ஆண்டுகள் பார்த்த பின் வந்த முடிவு அது. நம்மிடையே இதைப் பேசுவோர் குறைவு. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் இலட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். டிசம்பர் 6 அன்று தில்லியில் மறைந்தார்.

மூன்று மாதங்களுக்குள் இரண்டாவது பொதுத் தேர்தல் வந்தது. தலைவரை இழந்த கூட்டமைப்பு, 1952இல் மக்களவையில் 2 இடங்களே பெற்றிருந்தது. 1957இல் 6 இடங்களை வென்றது. அந்த மக்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலிகள். வாக்குப்பதிவு நாளில் அவர்கள் வேலையை விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றார்கள். வராவிட்டால் அபராதம் என்று சொல்லும் சட்டம் எதுவும் அப்போது இருக்கவில்லை.